நாற்பது வீட்டுப் போர்வை

சங்காப் கிராமம்,
பிர்ஜந்துக்கு மேற்கே,
குளிர்காலத் தொடக்கம்.

மதிப்பிற்குரிய ஹெஸ்டர் கானும் அம்மையார் அவர்களுக்கு, முராத்அலியின் மகள் சனோபர் தலைதாழ்த்தி எழுதுவது. உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாமல் இருக்க வேண்டும். நீங்கள் நலமா, உங்கள் தாயார் நலமா, நீங்கள் எப்போதும் குறைப்பட்டுக்கொள்ளும் உங்கள் ஊர் மழை நலமா? இங்கே அப்பா நலம், கழுதை நலம், ஹாஜர் அத்தை நலத்துக்கும் ஒரு படி மேலே. மற்றவர்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. எங்களைப் பற்றி நீங்கள் எழுதிய புத்தகம் வசந்தத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி எழுதும்படி அப்பா சொன்னார். “நன்றின்னு எழுது, நல்லா இருக்கணும்னு எழுது, அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதாத புள்ள,” என்றார். நான் நான்காம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஐந்தாம் வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. எங்கள் எழுத்தை மெதுவாகப் படிப்பேன் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் மெதுவாகவே படியுங்கள்.

புத்தகத்தை எங்கள் வீட்டில்தான் வாசித்தார்கள். பட்டாளத்திலிருந்து பாடம் நடத்த அனுப்பப்பட்ட பஹ்மன் வாத்தியார் உங்கள் மொழியைப் பார்த்து எங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே போனார். ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. தன் பெயர் வருமா என்று ஒவ்வொருவரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். “இந்த மக்கள் துறவிகளைப் போல வாழ்கிறார்கள், வீடுகளில் வெறும் சுவரும் பாயும்தான்” என்று வாத்தியார் வாசித்தபோது ஹாஜர் அத்தை முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். துறவும் இல்லை, ஒன்றும் இல்லை, கானும். நீங்கள் தெருமுனையில் வருவது தெரிந்ததும் தேநீர் கொதிக்கும் சமோவாரை வைக்கோலுக்குள் புதைத்துவிடுவார்கள். அத்தை தன் செப்புத் தாம்பாளத்தைக் கோழிக்கூண்டில் ஒளித்தாள். அதில் கோழி அடைகாக்கத் தொடங்கிவிட்டது, இன்றுவரை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் எதையாவது பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான் எல்லோருக்கும். அந்தப் பயம் போர்வைக்குப் பிறகு வந்தது.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும், புத்தகத்தில் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலம் முடிந்து கோர்சி மேசையை ஓரம் கட்டிவிட்டு, அதன்மேல் மாதக்கணக்கில் விரித்திருந்த போர்வையை வெயிலில் போட்டிருந்தோம். எந்த மேசைக்கடியில் கனல் சட்டியை வைத்து எல்லோரும் ஒன்றாகக் கால் நீட்டியிருந்தோமோ, அதே மேசையின் போர்வை. நீங்கள் வாசலில் நின்று, இத்தனை அழகான பொருளை நான் பார்த்ததே இல்லை என்றீர்கள். அம்மா உடனே, “உங்களுக்கே கானும், உங்க காலடிக்குக்கூடத் தகுதியில்லாத கந்தல், எடுத்துக்கங்க,” என்றாள். இது யாராவது தும்மினால் நூறு வயசு என்று சொல்வது போன்ற விஷயம். விருந்தாளி புகழ்ந்தால் வீட்டுக்காரர் உங்களுக்கே என்பார். விருந்தாளி, உடையவரிடம் இருந்தால்தான் அழகு என்பார். இப்படி மூன்று முறை. அதற்குப் பிறகு பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டு பேருக்கும் மனசு நிறைந்திருக்கும், எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். கசாப்புக்காரர்கூட ஆட்டுக்கால் விலையைக் கேட்டால் முதலில் சும்மா எடுத்துட்டுப் போங்க என்றுதான் சொல்வார். சும்மா எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் எங்கள் ஊரில் இதுவரை இருந்ததில்லை.

நீங்கள் முதல் முறையிலேயே ரொம்ப நன்றி என்றீர்கள்.

போர்வையின் ஒரு முனை அம்மாவின் கையில் இருந்தது, மறுமுனை உங்கள் கையில். அம்மா கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு அவளே மடித்தாள். பூச்சி அரிக்காமலிருக்க மடிப்புக்குள் அக்ரூட் இலைகளை வைத்தாள். “கோலந்தாமின் கண்கள் கலங்கின, கொடுப்பதில் அவளுக்கு அத்தனை ஆனந்தம்” என்று அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் வந்தபோது அப்பாவுக்குப் பலமாக இருமல் வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. அம்மா சொன்ன சொல் சொன்னதுதான். அந்தப் போர்வை உங்களுக்கே.

அப்பா மட்டும் ஒரு முயற்சி செய்து பார்த்தார். உங்கள் கைவிளக்கை நீங்கள் இருக்கும்போதெல்லாம் புகழ்வது என்று முடிவு செய்தார். நீங்கள் உங்களுக்கே என்பீர்கள், அவர் மூன்று முறை மறுப்பார், அதைப் பார்த்து உங்களுக்கு முறை விளங்கிவிடும், போர்வை தானாக வீடு திரும்பும். இதுதான் திட்டம். கோடை முழுவதும் புகழ்ந்தார். பட்டப்பகலில் புகழ்ந்தார். நீங்கள் ஒவ்வொரு முறையும், ஆமாம் நல்ல விளக்கு, லண்டனில் வாங்கினேன் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டீர்கள். “முராத்அலி வெளிச்சத்தைக் கண்டால் குழந்தையாகிவிடுவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது பார்லி அரைக்கப் போனால்கூட அவரிடம் வெளிச்சம் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. “வீட்டில் ஊமைப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அழகான கண்கள்.” வாத்தியார் வாசித்து முடித்ததும் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஊமை இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது எப்படிச் சொல்வது? நீங்கள் எங்களோடு இருந்த காலமெல்லாம் உங்களிடம் பேச ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருப்பேன். நீங்கள் உள்ளே வந்ததும் அது சமோவாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த ஒரு வரி மலை தாண்டிப் போயிற்று. ஸெரெஷ்க் பழம் பறித்து முடிந்த பிறகு பக்கத்து ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா உட்கார வேண்டிய இடத்தில் ஹாஜர் அத்தை உட்கார்ந்திருந்தாள். பையனின் தாயார் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்து, கையை ஆட்டி ஆட்டி, எருமையை ஓட்டும் குரலில், சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அத்தை என் தொடையைக் கிள்ளினாள். நான் மிகவும் முயன்று, “டீ ஆறிடும்,” என்றேன். அந்த அம்மாள் கையிலிருந்த குவளையைக் கீழே போட்டுவிட்டார். பையனின் தகப்பனார் முகம் தொங்கிப்போயிற்று. “பேச மாட்டாள்னு சொன்னதாலதானே இவ்வளவு தூரம் வந்தோம்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர்கள்தான், அடுத்த வசந்தத்தில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள், இந்தப் பெண் நாற்பது வீட்டுப் போர்வையில் பிறந்தவள் ஆயிற்றே, அதை வரும்போது கொண்டு வருவாள் அல்லவா என்று கேட்டார். அத்தை, “அது லண்டன்ல இருக்கு,” என்றாள். பெருமை பேசுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நாற்பது வீடு என்றால் என்ன என்று உங்கள் புத்தகத்தில் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, பால் மறக்கும் முன்பே போய்விட்டன. அப்படிப்பட்டவள் நாற்பது வீட்டு வாசலில் நின்று, வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கித் தைக்க வேண்டும். பிள்ளை அந்தப் போர்வைக்கு அடியில் இருந்தால், தேடி வரும் மரணம் இது எந்த வீடு என்று தெரியாமல் குழம்பித் திரும்பிவிடும். எங்கள் ஊரில் அத்தனை வீடுகள் கிடையாது. மிச்சத் துண்டுகளுக்காக அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பனியில் மலைக்கு அந்தப்புறம் நடந்து போனாள். அந்த மரணம் குழம்பித் திரும்பிப் போனதால்தான் இன்று உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் என்ன, எனக்குக் கல்யாணத்துக்குப் புதுப் போர்வை தருவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். நாற்பது வீட்டுப் போர்வை உங்களுக்கே.

உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. “எந்தக் குளிர்காலத்தில் நான் திரும்பிப் போனாலும், கோலந்தாம் கோர்சியின் தலைமாட்டில் எனக்காகத் தேநீரோடு காத்திருப்பாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். வாத்தியார் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். கெட்ட செய்தியை வாசலிலேயே இறக்கிவைக்கக் கூடாது, விருந்தாளிக்கு முதலில் தேநீர் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இதுவரை எழுதியது தேநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கிருந்து போன அந்தக் குளிர்காலமே அம்மா இறந்துவிட்டாள்.

குளிரால்தான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அவளுக்கு நெஞ்சில் சளி முன்பே இருந்தது. கோர்சிக்கு இரண்டு கம்பளிகளையும் கழுதையின் சேணத்துணியையும் சேர்த்துத் தைத்திருந்தோம். சூடு குறைவில்லை, வாசனைதான் அதிகம். அம்மாகூடச் சிரித்தாள். “உங்கப்பா எங்க, கழுதை எங்கன்னே தெரியல,” என்றாள். ஆனால் காய்ச்சல் ஏறிய பிறகு அவளுக்குப் போர்வை போனது மறந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் தடவித் தடவித் தேடினாள்.

“கண்ணு, இதுல ஹாஜரோட சிவப்புத் துண்டு எங்கடி?”

“அந்தப் பக்கம் இருக்கும்மா,” என்றேன்.

“சரி, திருப்பிப் போடு.”

நான் சேணத்துணியோடு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். அவள் மறுபடி தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆமாம், இருக்கு என்றாள். உண்மையாகவே இருப்பதாக நினைத்தாளோ, எனக்காகச் சொன்னாளோ, தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்காக எதையும் சொல்வார்கள், கானும். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

புத்தகத்தில் உங்கள் வீட்டுப் படம் ஒன்று இருக்கிறது. கணப்புக்கு மேலே சுவரில் போர்வையை மாட்டியிருக்கிறீர்கள். அச்சில் எல்லாமே சாம்பல் நிறமாக இருக்கிறது, அதனால் உங்கள் புத்தகம் வாங்கியவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மேலே இடது மூலையில் இருக்கும் கறுத்த சாம்பல்தான் அத்தையின் சிவப்பு வெல்வெட். அதற்குப் பக்கத்தில் வெளுத்த சாம்பல், பிரசவம் பார்த்தவளின் மஞ்சள் முக்காடு. கோடு போட்டது குளியல் வீட்டுக்காரியுடையது, அவளும் இப்போது இல்லை. நடுவில் சின்னதாக ஒன்று, பிசிறு தைக்காமல் விட்டது, அது எனக்கு முன்னால் பிறந்த அண்ணனின் சட்டை. அது எங்கள் வீட்டுத் துண்டு. பஹ்மன் வாத்தியாரிடம் புத்தகத்தை வாங்கி நான் பார்ப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். என்னைப் படிப்பில் ஆர்வமுள்ளவள் என்று அவர் நினைக்கிறார்.

நேற்று இந்த ஆண்டுக்கான கோர்சியைப் போட்டோம். கடிதம் நீண்டுவிட்டது. அப்பா தாடியைத் தடவிக்கொண்டு, நன்றி சொல்ல இவ்வளவு மையா என்று கேட்கிறார். உங்கள் கை வலிக்காமல் இருக்க வேண்டும், உங்கள் புத்தகம் பல ஊர்களில் வாசிக்கப்பட வேண்டும், உங்கள் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும், அதற்கு மேலே இருப்பதும் சுவரோடு நன்றாக இருக்க வேண்டும். எங்கள் மேல் எந்த மனக்குறையும் வேண்டாம். எங்களுக்கும் இல்லை. போர்வை உங்களுக்கே.

என்றும் உங்கள் காலடி மண்,
சனோபர்

பின்குறிப்பு: அப்பா கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். உங்களுக்கே என்று மேலே மூன்று முறை எழுதிவிட்டேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் முறையை நான் முடித்துவிட்டேன், அவள் சொல்லுக்கு இனிக் குறைவில்லை. இனி விருந்தாளியாக நீங்கள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதை எழுதி அனுப்ப வேண்டாம், போர்வையை அனுப்புங்கள். பிர்ஜந்து லாரிக்காரரிடம் சேர்ந்தால் போதும், மலையடிவாரத்துக்கு நானே போய் வாங்கிக்கொள்வேன். பெயரைக் கேட்டால் வாய் திறந்து சொல்வேன்.

துவைக்காமல் அனுப்புங்கள்.