ரேவதியின் வயிற்றுக்கு நான் கொடுத்த கேரண்டி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அப்படியிருந்தும் ஓசூரில் என் பட்டறையில் இன்று இரும்பு கடையும் சிஎன்சி மெஷின் மூன்று ஓடுகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவேன். பேங்க் மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். (பாதி எழுந்திருப்பார். அது போதும்.) இத்தனை பெருமையும் ஒரு ஆஸ்பத்திரியில் கால் மணி நேரத்தில் காலியானது.

பட்டறையில் செய்த சாமான்களை அளந்து பார்த்து அனுப்பும் பொறுப்பு ரேவதியுடையது. கல்லாவி ஊர்க்காரி. திருநங்கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர்கள் கடைந்த சாமானை அவள் மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு தப்பு என்று அவர்கள் மேஜைக்கே திருப்பி அனுப்பியதும் அடங்கிவிட்டார்கள்.

போன வருடம் அவளுக்கு அடிவயிற்றில் வலி. வேலைக்கு நடுவே மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டரிடம் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். முன்பு எங்கேயோ காய்ச்சலுக்குப் போனபோது, உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு வந்து அவளை வேடிக்கை பார்த்தார்களாம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

"நீ வா. ஒருத்தரும் உன்ன ஒரு வார்த்த கேக்காம நான் பாத்துக்கறேன். நீ வாயே தொறக்காத," என்று காரில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எல்லாப் பெண்களிடமும் கேட்பதைத்தான் கேட்டார். கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது என்று. ரேவதி என்னைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தவன் சும்மா இருப்பேனா? "அதெல்லாம் மாசாமாசம் டயத்துக்கு வந்துரும்மா," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தமிழ் புரியவில்லையோ என்று அதையே கன்னடத்திலும் சொன்னேன். (வரிசையில் இருந்த அத்தனை பேரும் இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டார்கள்.)

உள்ளே டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். நர்ஸ் எழுதியதைப் படித்துவிட்டு, கர்ப்பப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

"தாராளமா எடுங்கம்மா. எல்லாம் நல்ல கண்டிஷன்ல இருக்கும்," என்றேன்.

அந்த வலியிலும் ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "டாக்டர், இவர் சொல்றத எழுதாதீங்க. நான் திருநங்கைங்க. ஆபரேஷன் ஆயிருச்சு. ஹார்மோன் மாத்திர சாப்பிடறேன்."

டாக்டர் முன்னால் எழுதியதை அடித்தார். நாற்காலியை என் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பினார். ரேவதி என்றே கூப்பிடலாமா என்று கேட்டார். வைத்தியத்துக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்பேன், எதற்காவது பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள் என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "பொண்ணுன்னு சொன்னா பொண்ணாத்தான பாக்கணும்?" என்று எகிறினேன்.

"அவங்க பொண்ணுதான் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க கேரண்டி குடுத்த கர்ப்பப்பைதான் இல்ல. இல்லாதத நான் தேடிட்டிருந்தா, இருக்கிற வலிய யார் பாக்கறது?" என்றவர் ரேவதியைக் கேட்டார்: "இவர் உள்ள இருக்கலாமா?"

"வெளிய பெஞ்சுல உக்காரட்டுங்க."

உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரேவதி பேசிக்கொண்டே இருந்தது கேட்டது. ஒரு டாக்டரிடம் அவள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நர்ஸம்மா என்னைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சிறுநீர்ப் பாதையில் கல், அதோடு கிருமி. மருந்தில் சரியாகிவிட்டது. ஹார்மோன் மாத்திரையை யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிட்டாளாம். அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றிக் கொடுத்தார் டாக்டர். இப்போது ரேவதி தானே தேதி வாங்கிப் போய் வருகிறாள். ஆனால் அன்றைக்கு நாங்கள் கார் ஏறுவதற்கு முன்பே ரேவதியின் போனிலிருந்து என் மனைவிக்கு முழுக் கதையும் போய்விட்டது, கன்னடப் பகுதி உட்பட. அதிலிருந்து வீட்டில் வேறு யாரிடமாவது கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தால், பேரன் வரைக்கும் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: "பெஞ்ச்."

போன மாதம் மனைவிக்கு முட்டி வலி. துணைக்கு ரேவதியும் வந்தாள். எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று டாக்டர் என் மனைவியிடம் கேட்டார். எனக்கு அது நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தேன். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையை மட்டும் கதவுப் பக்கம் நீட்டினாள்.

வெளியே பெஞ்சில் ரேவதி ஏற்கெனவே எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.

"வாங்க ஓனரே. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு."