வானத்தில் மிதித்த தறி

நான் பயந்தாங்கொள்ளி என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. பஸ் வளைவில் திரும்பினால், நானும் எதிர்ப்பக்கம் சாய்ந்து டிரைவருக்கு உதவுகிற ஆள். (சேவூர் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடி வாங்கியவர்களைக் கேளுங்கள்.) எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் காலை இறக்கி மிதிகட்டை மிதிக்க ஆரம்பித்தவன். கவலை வந்தால் நெய்வேன். கவலை தினமும் வருவதால் சேலையும் தினமும் வளரும்.

எனக்குப் போய்த் தங்கையாகப் பிறந்தாள் பவித்ரா. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதோடு விட்டாளா? வேலையை விட்டுவிட்டு, பயணிகள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறாளாம். "அண்ணன் சரின்னா சரி" என்று அம்மா என் தலையில் கட்டிவிட்டார். நான் முடியாது என்றேன்.

"ஒரே ஒரு வாட்டி என்கூட மேல வாண்ணா. எறங்குனதும் வேணாம்னு சொல்லு, வுட்டுடறேன்."

விமானம் ஷேர் ஆட்டோவுக்குத் தம்பி மாதிரி இருந்தது. அவளுக்கு முன்னால் இருந்த அதே கைப்பிடி, அதே இரண்டு மிதிகட்டைகள் எனக்கு முன்னாலும் இருந்தன. "கையும் காலும் எதுலயும் படக்கூடாது" என்றாள். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். கால்களை மறந்துவிட்டேன்.

மேலே ஏறி நேரானதும் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம்.

"பவி! இன்னாடி இது, மாடு மாதிரி தலைய ஆட்டுது?"

"வண்டி நல்லாத்தாண்ணா கீது. நீதான் நெய்துகினு இருக்க!"

குனிந்து பார்த்தேன். என் கால்கள் இடது, வலது என்று ஒழுங்காகத் தறி மிதித்துக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தேன். பயம் கூடியதும் வேகம்தான் கூடியது. (அரை மணி நேரத்தில் ஒரு முந்தானை முடிந்திருக்கும்.)

பவித்ரா முன்பக்கம் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு அதட்டல் போட்டாள்.

"அண்ணா, இழை அறுந்துச்சு!"

கால்கள் அப்படியே நின்றன. இழை அறுந்தால், முடிச்சுப் போட எந்த நெசவாளிக்கும் கால் தானாக நிற்கும். "இப்ப ரெண்டு காலையும் சீட்டுக்கு அடியில இழுத்துக்கோ" என்றாள், சாதம் போடட்டுமா என்று கேட்கிற குரலில். மூக்கு நேரானது. ரேடியோவில் ஏதோ கேட்டார்கள். அதே குரலில் பதில் சொன்னாள். சக்கரம் தரையைத் தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

இறங்கியதும் என் முகத்தையே பார்த்தாள்.

"போய்ப் படி" என்றேன். "என்னையே சமாளிச்சிட்ட. உனக்கு இனிமே புயல் எல்லாம் ஜுஜுபி."

படிக்கப் போய்விட்டாள். போகுமுன் நடந்ததை என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதுதான் தப்பு. இப்போது நான் எதற்காகப் பதறினாலும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து, "இழை அறுந்துச்சு!" என்று கத்துகிறார்கள். போன வாரம் தறியில் நிஜமாகவே ஓர் இழை அறுந்தது. மனைவி அதைப் பார்த்துச் சொன்னதும், முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டு இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டேன்.