இருநூறு கம்பளியும் ஒரு மீசையும்

தொண்ணூற்றாறு கம்பளி சேர்ந்துவிட்டது என்று கேட்டதும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கை தானாக மீசைக்குப் போனது.

எல்லாம் வாய்க்கொழுப்புதான், வேறென்ன! கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் தேசத்தில் நிலநடுக்கம். வீடு இடிந்த சனங்கள் பனியில் கிடக்கிறார்கள். கம்பளி அனுப்பலாம் என்று தெருச் சங்கம் கூட்டம் போட்டால், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களாவது, குடுக்கறதாவது! இந்தத் தெருவுல நூறு கம்பளி சேரட்டும், என் மீசையையே எடுத்துடறேன்!" என்று எழுந்து நின்று கத்திவிட்டார்.

இருபத்தெட்டு வருட மீசை. அது ஒரு துடி துடித்தால், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அது போய்விட்டால் தன்னை எவன் மதிப்பான் என்பதுதான் மாஸ்டரின் கவலை.

நேராகச் சங்க அறைக்கு ஓடினார். குவியலைக் கிளறினார். "இதுல ஓட்டை. செல்லாது!" என்று ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

அது மாடிவீட்டு டீச்சர் கொடுத்தது. "என் கம்பளி ஓட்டையா?" என்று விருட்டென்று போனவர், புத்தம்புதிதாக ஐந்தை வாங்கிக்கொண்டு வந்து தொப்பென்று போட்டார்.

"நூறு ஆச்சு!" என்றார் சங்கச் செயலாளர்.

"நூறுன்னா சொன்னேன்? இருநூறு!"

"நூறுன்னுதான் சொன்னீங்க. பரவாயில்லை, இருநூறாவே இருக்கட்டும். கஷ்டப்படறவங்களுக்குத்தானே போகுது," என்றார் செயலாளர். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே, அப்போதே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டாமோ?

மறுநாள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. மாஸ்டரிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்த அத்தனை பேரும் கார் காராகக் கம்பளியோடு வந்து இறங்கினார்கள். அந்தக் குறுகலான தெருவில், ரிவர்ஸ் எடுத்து, ஓர் உரசல் இல்லாமல் வரிசையாக நிறுத்தினார்கள். மாஸ்டருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, கை மட்டும் மீசையை விடவில்லை.

"'எருமை, கண்ணாடியப் பாரு'ன்னு திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா மாஸ்டர்?" என்று கேட்டு, பல் டாக்டரம்மா ஒருத்தர் மூன்று கம்பளியை அவர் கையிலேயே திணித்தார்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கம்பளிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக நின்றிருந்த லாரியிடம் மாஸ்டர் ஓடினார். "கிளம்புப்பா, கிளம்பு! கப்பல் போயிடும்!"

லாரி டிரைவர் தலையை நீட்டிச் சிரித்தான். அவனும் பழைய மாணவன்தான். சீட்டுக்கடியிலிருந்து, பை பிரிக்காத கம்பளி ஒன்றை உருவினான். "இந்தாங்க, இருநூறு!"

தெரு நடுவில் நாற்காலி போட்டாயிற்று. சலூன்காரர் கத்தியோடு வந்தார். விசில் பறந்தது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அங்கே இருநூறு பேர் இனிக் குளிரில் நடுங்காமல் தூங்குவார்கள். 'போனா போகட்டும், முடிதானே!' என்று தோன்றியதும் அவருக்கே சந்தோஷம் பொங்கிவிட்டது.

மழித்து முடித்து, சலூன்காரர் துண்டை எடுத்தார்.

விசில் சட்டென்று நின்றது. முன்னால் இருந்த கைக்குழந்தை வீல் என்று அலறியது. முதல் ஆளாகப் பத்துக் கம்பளி கொடுத்து இந்த வசூலையே ஆரம்பித்து வைத்த மாஸ்டரின் மனைவி, அவரை உற்றுப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்ச் செயலாளரின் காதைக் கடித்தார். ஒரு காகிதம் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் அவசர அவசரமாக அதில் எழுதினார்கள்.

"என்னய்யா அங்க கிசுகிசு? அவ்வளவு அழகாவா இருக்கேன்?" என்றார் மாஸ்டர்.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாஸ்டர், நீங்க மீசையை மறுபடி வளர்த்தா, இன்னும் முந்நூறு கம்பளி தர்றோம்னு தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு. அதுல அம்பது உங்க வீட்டம்மாவோடது!"