குறையில்லாத மேண்டலின்

நான்காவது மேண்டலினில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்ததும் ஜெயகுமார் கலங்கிப்போனார்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வாத்தியக் கடை அது. முதலாளி ஹுமைத் மேண்டலினைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, மகள் பரீட்சையில் பாஸான தகப்பன் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

“டீச்சர் இதுவரைக்கும் சொன்ன குறை எல்லாத்தையும் கொப்பியில எழுதி வச்சு, அதுல ஒண்ணுகூட இல்லாத சாமானாத் தேடிக் கொண்டு வந்தீக்கி. பாருங்க!”

பிரசாந்தினி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து வருடமாகப் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேண்டலினின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். முன்பலகையைத் தட்டினார். முறுக்காணிகளைத் திருகினார். எட்டுத் தந்திகளையும் மீட்டினார்.

‘ஒரு கீறலாவது இருக்கக் கூடாதா, முருகா!’ என்று ஜெயகுமார் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். காசு கொடுத்து வாங்க வந்த மனுஷனின் வேண்டுதலைப் பாருங்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். மனைவி தவறி எட்டு வருடமாகிறது. மகள் விதுஷா கொழும்பில் குடித்தனம். சங்கீதத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு, தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழும்புவதுதான்.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மழைக்காக இந்தக் கடைக்குள் ஒதுங்கினார். மூலையில் டீச்சர் எதையோ மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். “என்ன வேணும் ஐயா?” என்று ஹுமைத் கேட்டபோது, மழை விடவேணும் என்று சொல்ல வெட்கப்பட்டு, “அதுதாங்க” என்று டீச்சரின் மடியைக் காட்டினார். அதன் பெயர் மேண்டலின் என்பதே பிறகுதான் தெரிந்தது.

“நல்லதாவும் இருக்கவேணும், விலையும் கட்டுப்படியாக வேணும் எண்டால் கண்டதையும் வாங்கிப் போடாதேங்கோ,” என்று டீச்சர் எழுந்து வந்தார். “நான் பாத்துச் சொல்லுறன்.”

அப்படித் தொடங்கியதுதான். முதல் மேண்டலினைப் பார்த்துவிட்டு, “கழுத்து வளைஞ்சு கிடக்கு. சுதி நிக்காது,” என்றார். ஹுமைத் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டார். இரண்டாவதில் தந்தி உயரமாம், விரல் நொந்து போகுமாம். மூன்றாவதில் முன்பலகை வெடித்திருக்கிறதாம். ஜெயகுமார் கண்ணுக்கு வெடிப்பும் தெரியவில்லை, வளைவும் தெரியவில்லை. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? ஒவ்வொரு தடவையும், “அடுத்த சனிக்கிழமையும் பாப்பம்,” என்பார் டீச்சர். பிறகு எதிர்க்கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணீர், ஒரு பருப்பு வடை. தொழிற்சாலைக் கதைகளுக்கு டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எட்டு வருடமாக யாரும் அவர் கதைக்குச் சிரித்ததில்லை. சனிக்கிழமைக்கான சட்டையை வியாழக்கிழமையே அயர்ன் போட்டு வைக்கும் ஆளாக மாறிவிட்டார் மனுஷன்.

பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத் துணிவில்லை. மேண்டலினை வாங்கிவிட்டால் இந்தப் பக்கம் வருவதற்குச் சாக்கும் இல்லை.

இப்போது டீச்சர் மேண்டலினை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இதில… குறை சொல்ல ஒண்டும் இல்லை,” என்றார் கடைசியில்.

ஜெயகுமார் களத்தில் குதித்தார். “விலை கொஞ்சம் கூடவா இருக்குங்களே?”

“ஒங்களுக்காகக் கொறச்சுத் தாறன்,” என்றார் ஹுமைத்.

“கறுப்புக் கலரு எனக்கு ராசியில்லைங்க.”

ஹுமைத் உள்ளே போய் அதே மாதிரி சிவப்பில் ஒன்றைத் தூக்கி வந்தார். டீச்சர் அதையும் மீட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அது கறுப்பைவிட இனிமையாக வேறு ஒலித்துத் தொலைத்தது.

“ராவுகாலத்துல வாங்கப்படாது…”

“அது பத்தரைக்கே முடிஞ்சு போச்சு ஐயா. இருவது வருஷமா பதுளைல கடை வச்சீக்கிற எனக்கு ராவுகாலம் தெரியாதா?”

கடைசி ஆயுதமாகக் கையை நீட்டினார். “என் விரலுக இம்புட்டுத் தடிப்பா இருக்கே டீச்சர், சரி வருமா?”

“இஞ்ச தாங்கோ.” டீச்சர் அவருடைய விரலைப் பிடித்துத் தந்தி மேல் வைத்து அழுத்தி, மறுகையால் மீட்டினார். கடை முழுவதும் ஒரு சுத்தமான நாதம் பரவியது. “எப்பிடி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்குங்க,” என்று சொல்லிவிட்டார் ஜெயகுமார். அவர் சொன்னது விரலைப் பிடித்த கையைப் பற்றி. ஹுமைத்துக்கு அதெல்லாம் எதற்கு? மேண்டலினைப் பைக்குள் போட்டு பில்லையும் எழுதிவிட்டார்.

வாசலில் இருவரும் நின்றார்கள்.

“இனிச் சனிக்கிழமையில உங்களுக்கு அலைச்சல் இல்லை,” என்றார் டீச்சர்.

“ஒங்களுக்கும்தானுங்க டீச்சர்.”

இருவரும் சிரித்தார்கள். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு. தேத்தண்ணீர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று டீச்சர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மழை பெய்யவில்லை.

அந்த வாரம் முழுவதும் சிவப்பு மேண்டலின் ஜெயகுமாரின் கட்டிலில் படுத்திருந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஓர் ஆணியைக் கழற்றிவிட்டால் பழுது என்று கொண்டு போகலாம். புதன்கிழமை ஆணி கழற்றுகிற சாமான்கூட எடுத்துவிட்டார். ஆனால் அதில் டீச்சரின் கை பட்டிருந்தது. மனம் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டார். எட்டு வருடம் பழகிப்போன வெறும் வீடு, இந்த ஒரு வாரத்தில் தாங்கமுடியாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை வந்தது. நல்லதைக் கெடுப்பது பாவம். ஏற்கெனவே கெட்டதை வாங்கிக்கொண்டால்? வளைந்த கழுத்தைச் சரி பண்ண டீச்சரிடம் மாதக்கணக்கில் போகலாமே!

சனிக்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றார்.

“ஹுமைத் பாய், இத வச்சிக்கிட்டு அந்த மொத மேண்டலினக் குடுங்க. கழுத்து வளைஞ்சிருக்குன்னு டீச்சர் சொன்னாங்களே, அது.”

ஹுமைத் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இதுல என்ன பழுது ஐயா?”

“ஒரு பழுதும் இல்லைங்க. அதான் வேணாங்கிறேன்.”

“ஆ?”

“வளைஞ்சது இல்லாட்டி தந்தி ஒசந்தத குடுங்க. அதுவும் இல்லாட்டி பலகை வெடிச்சத குடுங்க. மூணுல எது கெடந்தாலும் சரி.”

ஹுமைத் பெருமூச்சு விட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

“மூணுமே இல்ல ஐயா. ஒரு குறையும் இல்லாத மொதல்தர சாமான் எண்டு கையெழுத்துப் போட்டு, மூணையும் டீச்சர்தானே திங்கக்கிழமை வந்து அவங்கட ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனாங்க!”