மூச்சு டாக்டரும் மச்சானின் ஒற்றைச் சிறுநீரகமும்

“மச்சானுக்கு எம்.ஆர்.ஐ. மூச்சு டாக்டரிடம் எல்லோரும் திட்டு வாங்கினோம்.” 1998 ஆவணியில் என் டைரிக் குறிப்பு இது.

கோவையில் அத்தனை பேரின் மூச்சை அதட்டி நிறுத்திய மனிதர் வேறு எவரும் இருந்திருக்க முடியாது. ஸ்கேன் எடுக்கும் டாக்டர் அவர். நோயாளி மூச்சு விட்டாலே சிறுநீரகப் படம் கலங்கிவிடும். அதனால் “மூச்சப் புடிங்க!” என்று மைக்கில் கத்திவிட்டு, தாமும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொள்வார். அறையில் இருப்பவர்களுக்கும் விலக்கில்லை.

“நர்சம்மா, அவரு உள்ள தம் கட்டிக் கெடக்கறாரு. நீங்க இங்க சொகமா மூச்சு உடறீங்களே, நாயமுங்களா?”

மச்சான் என் அக்காவின் கணவர். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். கல் சேர்ந்து கெட்டுப்போன ஒரு சிறுநீரகத்தை முன்பே எடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில் இப்போது கட்டி. புற்றுநோயாகத்தான் இருக்கும், மறுநாள் காலையே எடுத்துவிடலாம் என்றார் அறுவை டாக்டர். எடுத்தால் காலத்துக்கும் டயாலிசிஸ். வெறும் கொழுப்புக் கட்டி என்றால் விட்டுவிடலாம்.

முதல் படத்தில் வயிற்றின் மேல்பக்கம் ஒரே கறுப்பு. டாக்டர் உள்ளே ஓடினார். நர்ஸ் கண்ணில் படாமல் மச்சான் வயிற்றுக்கு மேலே ஏற்றி ஒளித்திருந்தது வெள்ளி அரைஞாண். கொக்கி மட்டும் இரும்பு; எம்.ஆர்.ஐ. காந்தத்தில் அதுதான் படத்தைக் கறுப்பாக்கியது.

“கழட்டுங்க.”

“மாட்டனுங்க. அரைஞாண எடுக்கறது பொணத்துக்குத்தானுங்க.”

அக்கா அழ ஆரம்பித்தாள். டாக்டர் மச்சானைக் காந்த அறைக்கு வெளியே அழைத்துவந்தார். நர்ஸிடம் கத்தரியை வாங்கி, சட்டையைத் தூக்கி, தம் இடுப்பிலிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றை நறுக்கென்று வெட்டினார்.

“அறுத்துப்போட்டேன். பொணமாட்டத் தெரியறனுங்களா?”

மச்சான் உற்றுப் பார்த்தார். “கொஞ்சம் வெளிறித்தானுங்க இருக்கறீங்க.”

“அது உங்களுக்காக மூச்சுப் புடிச்சதுலீங்க!”

அரைஞாண் கழன்றது. இப்போது கட்டி படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கொழுப்பும் வெள்ளை, ரத்தக் கசிவும் வெள்ளை. அடுத்த படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் இயந்திரம் அழித்துவிடுமாம். கட்டி கறுத்தால் கொழுப்பு. வெள்ளையாகவே நின்றால் ரத்தம் கசியும் புற்றுநோயாக இருக்கலாம்.

“மூச்சப் புடிங்க!”

அக்கா பிடித்தாள், நான் பிடித்தேன், நர்ஸும் பிடித்தார். திரையில் படம் வந்தது. கட்டி இருந்த இடம் கறுத்திருந்தது.

“கொழுப்புங்க அம்மணி. இனி மூச்சு உடுங்க.”

ஆனால் அறுவை டாக்டர் இந்தப் புதுப் படங்களை நம்பாதவர். மறுநாள் காலை மூச்சு டாக்டர் படத்தோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலை மறித்து நின்று, “இதப் பாக்காம கத்தியத் தொட்டீங்கன்னா நானும் மேசையில ஏறிப் படுத்துக்குவனுங்க” என்றாராம். சொன்னது வார்டு ஆயா. அன்று மதியமே மச்சானை முழுசாக வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயா சொன்னதை மட்டும் இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை. மூச்சு டாக்டர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.