ஆடாத ஜாயிண்ட்

"இது ஆடுதுங்க" என்றாள் சுகுணா.

கணவன் கோபிநாத்தின் கையிலிருந்த ஜாயிண்டை வாங்கி இரண்டு விரலால் அசைத்துக் காட்டினாள். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனையில் பூட்டுகிற பந்து மூட்டு. பழைய வேனிலிருந்து கழற்றியது.

"லேசாத்தானே ஆடுது?"

"ஓட்டப்போறது நானு. பந்து கழண்டா நான் இங்கிட்டுத் திருப்புவேன், வண்டி அங்கிட்டுப் போகும்."

"அதுவும் சரிதான்" என்று உடனே அதைத் துணியில் சுற்றிவிட்டான்.

சுகுணாவுக்கு அப்பாடா என்றிருந்தது. கத்தாரிலிருந்து விடுப்பில் அறந்தாங்கி வந்தவன், பழைய ஜீப்பின் சக்கரங்கள், யாரோ விற்ற வேன் எஞ்சின், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் கொல்லைப்புறக் கொட்டகையில் போட்டு அவளுக்காக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தான். "இத முடிச்சு ஒன் கையில சாவியக் குடுத்துட்டுத்தான் பிளைட் ஏறுவேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டான்.

அதாவது, முடியாதவரை ஏறமாட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவன் வீட்டிலிருந்த நாள்களைச் சேர்த்தால் ஒன்றரை வருடம்கூடத் தேறாது. இப்போது காலையில் கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்டால் அவளுக்குக் காப்பியே வேறு ருசியாக இருக்கிறது.

அடுத்த வாரம் பளபளவென்று ஒன்று வாங்கிவந்தான்.

"மேல ரப்பர் உறை இல்லையே? நம்ம செம்மண்ணு உள்ள போனா பந்து தேஞ்சுருமுங்க."

"அட, ஆமா!"

மூன்றாவதில் உறை இருந்தது. சுகுணா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நட்டு கழறாம இருக்கப் பின் குத்தணும்ல? ஓட்டை எங்க?"

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"போன்ல பாத்தேன்."

அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்ததில் இரண்டு நாள் ரசம் பொங்கி அடுப்பே அணைந்துபோயிருந்தது.

கோபிநாத் சாக்பீஸை எடுத்துக் கொட்டகைச் சுவரில் எழுதினான்: ஆட்டம் கூடாது. உறை வேணும். பின் ஓட்டை வேணும்.

அதைப் பார்த்ததும்தான் சுகுணாவுக்கு உறைத்தது. நாள் கடத்தத்தான் குறை சொன்னாள். சொல்லிச் சொல்லியே குறையில்லாத ஜாயிண்டுக்கு அவளே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். இனிச் சொல்ல அவளிடம் ஒரு குறையும் பாக்கியில்லை.

அன்று மாலையே கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரச் சொல்றாங்க" என்றான், விரலிடுக்கு கிரீஸைத் துடைத்தபடி. "நாளைக்கு நீ சொன்ன மாதிரியே வாங்கியாந்து மாட்டிட்டா வேலை முடிஞ்சுது."

"சரிங்க" என்றாள். அவன் நிமிர்ந்து பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை, திரும்பும்போது ஜாயிண்ட் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அவன் அக்காவைப் பார்க்கக் கீரமங்கலம் கிளம்பியதும், சுகுணா நேரே அவன் வழக்கமாகச் சாமான் வாங்கும் பிச்சைமுத்துவின் உதிரிபாகக் கடைக்கு நடந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்தாள். முப்பத்தாறு வயதில் இப்படியொரு காரியத்துக்கு வந்து நிற்பதை நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து ஏனோ சிரிப்பும் வந்தது.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. எங்க வீட்டுக்காரரு வந்து ஸ்டீயரிங் ஜாயிண்டு கேட்டா, நல்லது எதுவும் இல்லைன்னு சொல்லிருங்க. வர ஒரு மாசமாகும்னு சொல்லுங்க."

பிச்சைமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு நாற்காலிக்கு அடியில் கையைவிட்டு ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து, தூசி ஊதித் திறந்தார். புத்தம்புது ஜாயிண்ட். உறை இருந்தது, பின் ஓட்டை இருந்தது, அசைத்தால் அசையவில்லை.

"என்ன ஆத்தா நீங்க! இத மொத நாளே அவருகிட்ட எடுத்துக் காட்டிட்டேன். 'எம் பொண்டாட்டி வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிருங்கண்ணே'ன்னு ஒங்க வீட்டுக்காரருல்ல கையப் புடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாரு!"