பினாங்குக்குப் போன பேய்க்கதை

சிவமயம்

கோலா சிலாங்கூர்,
1927, ஐப்பசி.

ரவாங் புகையிரத நிலையத்தில் உத்தியோகம் பார்க்கும் அன்புக்குரிய அத்தான் மகாதேவா அவர்களுக்கு, மைத்துனன் விசுவலிங்கம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. சின்னாச்சி அக்காவையும் உங்களையும் நல்லூர்க் கந்தன் காக்க. இங்கே வாகீஸ்வரி சுகம், பசு சுகம், நான் ஒருவன்தான் சுகமில்லை.

ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கு நான் கணக்கெழுதும் கிராணி ஐயா. வாகீஸ்வரிக்கு நான் 'இஞ்சேருங்கோ'. புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். வெள்ளைக்காரத் துரைக்கோ நான் 'விஸ்கிலிங்கம்'. அவர் நாக்கு அப்படித்தான் புரள்கிறது, நானோ கள்ளின் வாசம்கூட அறியாத சைவன். ஒரே ஒரு தரம் என் பெயரைப் பிழையில்லாமல் அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிடுவேன். எதிர்க்கரை மரங்களில் மின்மினிகள் எல்லாம் சேர்ந்து ஒளிவிட்டுச் சேர்ந்தே அணையும். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்துகளாகத் தெரியும்; 'வி' தெரியும், 'சு' தெரியும், அதற்குள் கொசு கடித்துவிடும். அப்படிக் கனவும் நினைவுமாக எழுதியதுதான் என் கதை. விடியற்பனியில் ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு பெண் நடக்கிறாள், அவள் தொட்ட மரமெல்லாம் வெட்டாமலே பால் சொரிகிறது, அவளுக்கு நிழல் மட்டும் இல்லை.

எங்கே அனுப்புவது என்பதில்தான் சனி பிடித்தது. முதலில் நாகப்பட்டினத்துச் சமயப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். பேய் கடைசியில் திருநீறு பூசி முத்தியடைந்தால் ஆலோசிக்கலாம் என்றார்கள். சரியென்று பூசி, முத்தியடையவைத்து அனுப்பினால், 'இவர் பேயல்லர், அடியார். அடியார் வரிசையில் இவர் பெயரைக் காணோம்' என்று திருப்பிவிட்டார்கள். திருநீற்றை அழித்துவிட்டுச் சிங்கப்பூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். கதைக்கு இடமில்லை, செய்தியென்றால் போடலாம், கண்ணால் கண்ட சாட்சியின் கைநாட்டு வேண்டும் என்றார்கள். ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியைக் கேட்டேன். "பாக்காத பேயிக்குக் கைநாட்டு வச்சா, எப்படா என்னையப் பாத்தேன்னு அது நேரா வந்து கேக்குமே சாமி, நான் புள்ளகுட்டிக்காரன்" என்று போனவன் ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். மறுநாள் ஆற்றோரம் பால்வெட்ட ஒரு ஆள்கூட வரவில்லை. துரை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

கடைசியில் பினாங்கு. அந்தப் பத்திராதிபர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதராம். என்ன எழுதியிருக்கிறார் பாருங்கள் அத்தான்: 'கதை கிடைத்தது. நீளம் அதிகம். தங்களிடம் வேறு பேய்க்கதை இருந்தால் சுருக்கமாக எழுதி அனுப்பவும்.' நம்முடைய நல்லூர்ப் பக்கத்தில் ஒருவனைப் பார்த்து "பேய்க்கதை கதையாதை" என்றால் என்ன அர்த்தம்? விசர்க்கதை, அலட்டல், மூளையில்லாத பேயன் பேச்சு என்றுதானே? வாகீஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். "முகம் தெரியாத மனிசனுக்கே விளங்கிப்போச்சு பாருங்கோ" என்றாள். எனக்கு நெஞ்சு எரிந்துபோய்விட்டது. உடனே பதில் எழுதினேன்: 'ஐயா, நான் இந்த ஆற்றோரத்தில் இருப்பதே உங்களில் ஒருவருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்தால் தனியே உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி அழைக்க ஆளில்லை. ஒரு வரியில் என்னைக் கொன்றுவிட்டீர்கள். கொன்றவர்களை நான் சும்மா விடமாட்டேன்.' தபாலில் போட்டுவிட்டு வந்து அழுதேன் அத்தான், உங்களிடம் மறைப்பானேன். பதினைந்து நாளாகியும் பதிலில்லை.

ஆகையால் இன்றோடு எழுத்தை விட்டேன். மைப்புட்டியை ஆற்றில் எறிந்தாயிற்று, இதைப் பென்சிலால் எழுதுவதும் அதனால்தான். மின்மினி பார்க்கவும் இனிப் போவதில்லை. ரவாங்கில் யாராவது கதை எழுத ஆசைப்பட்டால் என்னைக் காட்டிப் புத்தி சொல்லுங்கள். அக்காவுக்கு நமஸ்காரம், மருமகள் பராசக்திக்கு முத்தம். பத்திராதிபர்கள் கைவிட்டாலும் கந்தன் கைவிடமாட்டான்.

இப்படிக்கு,
மைத்துனன் விசுவலிங்கம்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் பினாங்குப் பத்திரிகை வந்து சேர்ந்தது. என் வசைக்கடிதத்தை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மேலே பத்திராதிபர் குறிப்பு: 'பேய் வருகிற கதை கேட்டோம். பேயே எழுதிய கடிதமாக, மயிர்க்கூச்செறியும் கதை ஒன்றை அன்பர் சுருக்கமாக அனுப்பியிருக்கிறார்.' தஞ்சாவூர்ப் பக்கத்தில் பேய்க்கதை என்றால் பேயைப் பற்றிய கதையாம் அத்தான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொண்டு, ஒரு புட்டி மை ரயிலில் அனுப்பவும். ஒரே ஒரு குறை. கடிதம் பேயுடையது என்பதால் அடியிலிருந்த என் பெயரை எடுத்துவிட்டு, 'இப்படிக்கு, பேய்' என்று அச்சிட்டுவிட்டார்கள். வாகீஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "பிழையில்லாமத்தானே உங்கட பேரைப் போட்டிருக்கினம்."